ரைட் என்றால் வலது அல்ல

என் கணவர் ஆபீஸில் விழுந்த அன்று ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது, அவர் கையில் நான்கு பேருடைய கார் சாவிகள் இருந்தன. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு வேலை பார்க்கும் டீம் அது. மீட்டிங்கில் இருந்த எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது ரிசப்ஷனில் இருந்த அமெரிக்கப் பெண்ணுக்குத்தான் தோன்றியது. இந்தக் காலத்துக் கார் சாவியில் இரும்பு எங்கே இருக்கிறது? பிளாஸ்டிக்கும் பேட்டரியும்தான்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்ததும், ஆம்புலன்ஸ்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் எத்தனை கார் என்பது. மாலையில் என் கணவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காபி வாங்கிக் கொடுத்தேன். சாவி வாங்க வந்திருந்தார்கள்.

டாக்டர் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, எபிலெப்சி என்றார். மாத்திரை சாப்பிட வேண்டும், ஆறு மாதம் எதுவும் வராமல் இருந்தால்தான் கார் ஓட்டலாம். பிறகு அவரைப் பார்த்து, விழுவதற்கு முன்னால் உடம்பில் ஏதாவது தெரிந்ததா, முன்பு எப்போதாவது வித்தியாசமாக ஏதாவது உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் "ஒண்ணுமில்ல" என்றார். டாக்டர் குஜராத்தி. ஆனாலும் புரிந்துகொண்டார்.

என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே என்ன நடக்கிறது என்று இவர் சொன்னால்தான் மாத்திரையைச் சரிபண்ண முடியும். மறைத்தால் ஒரு நாள் படிக்கட்டிலோ பிளாட்பாரத்திலோ விழுவார். நீங்கள்தான் இவரைப் பேச வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், இதுவரை ப்ரொமோஷன் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இவருக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தாலும் ஒண்ணுமில்ல, காலில் ஆணி ஏறினாலும் ஒண்ணுமில்ல. என் பங்குக்கு நானும் யாரிடமும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் மாமியார் போனிலேயே முடிவு எடுத்துவிட்டார்: "வலிப்பு கிலிப்புன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காதே கண்ணு, நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கோணுமல்ல." டெக்சஸில் காலேஜ் படிக்கும் என் மகளுக்கு மாப்பிள்ளை என்ற சொல்லின் அர்த்தமே சரியாகத் தெரியாது. இருந்தாலும் நம் ஊர்க்காரர்கள் கூடும் ஐசலினில் காய்கறிக் கடையில் யார் விசாரித்தாலும் பிரஷர் லோ ஆகிவிட்டது என்றே சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே பிரஷர் லோவாகிவிடும்போல் இருந்தது.

அன்றிலிருந்து இவர் என் காரில் பின் சீட்டில் உட்கார ஆரம்பித்தார். முன்னால் உட்கார்ந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறதாம். இருபது வருஷத்துக்கும் மேலாக நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன், என் கால் எதையும் தேடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பார். டாக்ஸி ஓட்டுகிற மாதிரி இருக்கும். என்ன யோசனை என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

அவர் பேசிய ஒரே இடம் கராஜ். அங்கே ஒரு பழைய இங்கிலீஷ் கார் நிற்கிறது. அறுபதுகளில் செய்தது, மேல் கூரை இல்லை, இரண்டே சீட், ஸ்டீயரிங் நம் ஊர் மாதிரி வலப்பக்கம். ஊருக்குத் திரும்பிப் போன ஓர் இங்கிலீஷ்காரரிடமிருந்து வாங்கி, வருஷக்கணக்காக வார இறுதிகளை அதற்கடியில் படுத்தபடியே கழித்து ஓட வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்கு முறுக்கு பிழிய என் அலுமினியத் தட்டைத் தேடி, கடைசியில் அந்தக் காருக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பிடித்தபடி கண்டெடுத்தேன். அந்தத் தட்டு அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை.

விழுவதற்கு முன்பே ஒரு கார் ரேலிக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஐரோப்பாவில் பழைய கார்களை வைத்து நடத்துவார்களே, அதே மாதிரி இங்கே ஒரு கிளப் நடத்துகிறது. ஐரோப்பியக் கார்கள் மட்டும், வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் வழி சொல்ல வேண்டும். வழி சொல்லுவதாக இருந்த அவருடைய நண்பர், சாவி கொடுத்தவர்களில் ஒருவர், பயந்துபோய் விலகிக்கொண்டார். அந்த வாரமே இவர் காரை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்க ஆள் இருக்கிறதாம், திங்கட்கிழமை வந்து பார்க்கிறாராம்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எதுவுமே இல்லை. கராஜும் போய்விட்டால் இந்த மனிதர் வாயைத் திறக்க இந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

"நான் ஓட்டறேன். நீங்க வழி சொல்லுங்க," என்றேன்.

"உனக்கு ஸ்டிக் ஷிப்ட் ஓட்டத் தெரியுமா?"

"மயிலாப்பூர் டிரைவிங் ஸ்கூல்ல வேற என்ன கத்துக் குடுத்தாங்கன்னு நெனைக்கறீங்க? ரைட் சைடு ஸ்டீயரிங், லெப்ட் கைல கியர். இந்த ஊர்ல இந்தக் கார் ஓட்டப் பொறந்தவ நான்தான்."

அவரைச் சம்மதிக்க வைத்தது என் திறமை இல்லை. அந்தக் காரில் பின் சீட் கிடையாது. வந்தால் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அல்லது வராமலே இருக்க வேண்டும். வந்தார்.

ரேலி என்றால் புழுதி பறக்க ஓட்டுவது என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. டெலவேர் ஆற்றுப் பக்கம் பண்ணைகளுக்கு நடுவே போகும் சின்னச் சாலைகளில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்காவது ஒரு மரத்தடியில், மடக்கு நாற்காலியில், கடிகாரத்தோடு ஒருவர் ஒளிந்திருப்பார். அவரைத் தாமதமாகத் தாண்டினால் பாயிண்ட் போகும். சீக்கிரமாகத் தாண்டினாலும் அதே அளவு போகும். சீக்கிரம் வந்ததற்காக ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தண்டிக்கும் வாய்ப்பு அந்த கிளப்புக்கு அதுவரை கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

செல்போனை ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். அவசரம் என்றால் மட்டும் பிரிக்கலாம். வழிக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னப் படம். நாம் வருகிற இடத்தில் ஒரு புள்ளி, போக வேண்டிய பக்கம் ஓர் அம்பு. பாதிக் கோலம் போடும்போது பால் பொங்க, அப்படியே விட்டுவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது ஒவ்வொன்றும். அதைப் படித்துச் சொல்வது இவர் வேலை, சொன்னதைக் கேட்டு ஓட்டுவது என் வேலை. குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டார்.

முதல் சில சந்திப்புகள் ஒழுங்காகப் போயின. அடுத்து ஒரு நாற்சந்தியில் ஸ்டாப் சைன். நிறுத்தினேன். இவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வண்டி எதுவும் வரவில்லை. கதவை வெளிப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டி, "ரைட்!" என்றார்.

வலப்பக்கம் திருப்பினேன்.

அவர் ஏதோ கத்தினார். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சாலை ஒரு குதிரைப் பண்ணையின் முற்றத்தில் போய் முடிந்தது. திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று கார்கள். ஒரு குட்டி இத்தாலியக் கார், இரண்டு ஜெர்மன் கார்கள். வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்பித் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். கையில் வாளியோடு ஓர் அம்மாள் லாயத்திலிருந்து வந்து எல்லாக் கார்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, கார் ஷோ இன்றைக்கா என்று கேட்டார்.

"ரைட்டுன்னுதான சொன்னீங்க?" என்றேன்.

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம்!"

"ரைட்டுன்னா ரைட்டு!"

"பஸ்ல கண்டக்டர் ரைட்டுன்னு சொன்னா டிரைவர் என்ன ரைட்லயா திருப்புவாரு?"

ஈரோடு, கோபி டவுன் பஸ்களின் படிக்கட்டில் தொங்கியபடி காலேஜ் முடித்தவர் அவர். அவருக்கு ரைட் என்றால் வண்டியை எடு என்பதுதான். "எங்க மெட்ராஸ்ல விசில் அடிப்பாங்க," என்றேன். அடுத்த தடவை விசில் வாங்கி வருவதாகச் சொன்னார். குதிரைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கேயே நின்று சட்டம் போட்டுக்கொண்டோம். ரைட் என்ற சொல் இனி இந்தக் காரில் வரக் கூடாது. வலது, இடது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அது சரிப்படாது, எனக்கு வலது எது இடது எது என்று சின்ன வயதிலிருந்தே ஒரு நொடி யோசித்தால்தான் வரும். சாப்பிடுகிற கையை மட்டும் யோசிக்காமல் தெரியும். ஆகவே சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று முடிவாயிற்று. நேராகப் போவதற்கு நேரா.

அதற்குப் பிறகு ஒரு தப்பு இல்லை. "முன்னால சோத்தாங்கை... பாலம் தாண்டி பீச்சாங்கை... மெதுவா போ, மெதுவா, சீக்கிரம் வந்துட்டோம்... பள்ளம் வருது... டிராக்டர் நிக்குது, ஒதுங்கு." வழி சொல்கிறவர் கண்ணில் பட்டதை எல்லாம் சொல்ல வேண்டும். இவர் சொல்லிக்கொண்டே வந்தார். சரளைக்கல், மான், வளைவு, மேகம்கூட. அவர் விழுந்த வசந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பேசிய மொத்தப் பேச்சையும் விட அந்தக் காலைப் பொழுதில் பேசியது அதிகம். அவர் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு மனசு லேசானது. வழி தவறினாலும் பரவாயில்லை, பேசட்டும் என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பலகையில் புள்ளிகள் எழுதிப் போட்டிருந்தார்கள். குதிரைப் பண்ணைக்குப் போய் வந்த பிறகும் நாங்கள் மூன்றாவது. இத்தாலியக் கார் தம்பதி, இருவரும் ரிட்டயர் ஆனவர்கள், ஒரே நிறத்தில் தொப்பி போட்டவர்கள், எங்கள் மேஜைக்கு வந்தார்கள். சாலையில் எங்கள் பின்னால் வந்தபோது ஏதோ சொல்லிக் கத்திக்கொண்டே போகிறீர்களே, அது ரகசியக் குறியீடா என்று கேட்டார் அந்த அம்மாள். ஒன்று சோறு சாப்பிடுகிற கை என்று இவர் விளக்கினார். அருமை என்றார் அந்த அம்மாள். மற்றது? இவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது மற்றக் கை என்றார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறியது. என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

திங்கட்கிழமை வருகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்," என்றார். அதுவே பெரிய விஷயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த பகுதிதான் நீளமானது. இரண்டு பக்கமும் சோளக்காடு. சரியான வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம், அவரே சொன்னார், நூல் பிடித்த மாதிரி போகிறோம் என்று. ஒரு பிரிவு சாலை தெரிந்தது. எந்தப் பக்கம் என்று குரல் வரவில்லை.

"அடுத்தது என்னங்க?"

வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்து," என்றார்.

"இங்கயா? செக்பாயிண்ட் இருக்கும்ங்க, நின்னா எல்லாம் போயிடும்."

"நிறுத்து. ரப்பர் கருகற வாசனை வருது."

ஓரம் கட்டினேன். பழைய கார் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சீட்டுக்குப் பின்னாலிருந்த தீயணைப்பானை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கி பானெட்டைத் திறந்தேன். சூடாக இருந்தது, அவ்வளவுதான். குனிந்து மோந்தேன். வயரை மோந்தேன், டயரை மோந்தேன். சோளக்காட்டில் போட்ட எரு வாசனையைத் தவிர எதுவும் இல்லை.

"வண்டில எந்த வாசனையும் இல்லீங்க," என்றேன்.

அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டில இல்ல," என்றார். "எனக்குள்ள வருது."

சொல்லி முடித்ததும் அவர் பார்வை நின்றுவிட்டது. வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. பீச்சாங்கை விரல்கள் வழிப் புத்தகத்தின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். கேட்கவில்லை. தோளைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. பிறகு அவர் மூச்சை இழுத்துவிட்டு, கண்ணைக் கொட்டி, என்னைப் பார்த்து, "போயிருச்சு," என்றார்.

"இது மொத தடவையா?"

இல்லை என்று தலையாட்டினார். "ரொம்ப நாளா வருது. ஆபீஸ்ல விழறதுக்கு முன்னாலேருந்தே. வாசனை வரும், கொஞ்ச நேரம் எங்க இருக்கேன்னு தெரியாது, அப்புறம் சரியாப் போயிரும். கராஜ்ல வரும்போது கார் வயரிங்தான் கருகுதுன்னு நெனச்சேன். மொத்தமாப் பிரிச்சு மாட்டினேன். திரும்பவும் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, வயரிங் இல்லைன்னு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிருவாங்க."

எனக்கு அதைக் கேட்டதும் வேறொன்று தோன்றியது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "பொண்ணு கார்ல இருக்கும்போது வந்திருக்கா?"

கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏர்போர்ட்டுக்கு விடப் போனப்ப. டர்ன்பைக் ஹைவேல. ரெண்டு எக்ஸிட் எப்படித் தாண்டுனேன்னு இன்னைக்கும் தெரியல."

அந்தக் கணத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. என் மகள் அந்தக் காரில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருப்பாள். பானெட்டை ஓங்கி அறைந்து மூடினேன். அவ்வளவு வருஷம் அதைத் தடவித் தடவி வைத்திருந்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் ஒரு பக்கம், அவரே வாயைத் திறந்து நிறுத்து என்றாரே என்ற நிம்மதி இன்னொரு பக்கம்.

அதற்குள் ரேலியின் கடைசியில் வருகிற கிளப் வண்டி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஆரஞ்சு அங்கி போட்ட வயதானவர் ஒருவர் ஜன்னலை இறக்கி, எல்லாம் நலமா, காரில் கோளாறா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வாய்க்குப் பழக்கம் இருந்தது. பிரஷர் கொஞ்சம் லோ, வேறு ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் ஆரம்பித்தே விட்டேன்.

"நோ," என்றார் இவர், என் கையைத் தொட்டு நிறுத்தி. "கார் நன்றாக இருக்கிறது. எனக்கு எபிலெப்சி. இப்போதுதான் ஒன்று வந்து போனது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்க வேண்டும்." இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி, ஓர் அந்நியரிடம் சொன்னார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அந்த மனிதர் ஆச்சரியப்படவில்லை, சாவியும் தேடவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பிறகு தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, எங்களுக்குப் பின்னால் சாலையை மறைத்த மாதிரி நிறுத்தி, விளக்குகளை மின்ன விட்டு, அப்படியே உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் அவசரம் இல்லை என்று கையைக் காட்டினார்.

நான் சுற்றி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். விடப் பார்த்தேன், முடியவில்லை. அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி, தன் இரண்டு கைகளாலும் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.